ராணுவ ட்ரோனையே ஹேக் பண்ண முடியுமா? எதிரியிடம் இருந்து ட்ரோன்களைக் காப்பது எப்படி?

அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து 2020 முதல் 'சீ கார்டியன்' ட்ரோன்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வருகின்றன. இதே வகையில் 31 ட்ரோன்கள் வாங்க 2024 அக்டோபரில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இவ்வளவு விலை உயர்ந்த ட்ரோன்களை எதிரி முடக்கிவிட்டால் என்ன ஆகும்?

ஜாமிங் என்றால் என்ன?

திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்னு போன் பேசினால் எதுவும் கேட்காது இல்லையா? அதேதான். ட்ரோனுக்கு வரும் சிக்னலை, அதைவிட வலுவான சிக்னலால் அமுக்கிவிடுவார்கள்.

ஸ்பூஃபிங்?

இது இன்னும் ஆபத்தானது. திருவண்ணாமலையில் பஸ் ஏறி அசந்து தூங்கியவரை, செஞ்சியில் எழுப்பி 'கீழ்பென்னாத்தூர் வந்துடுச்சு, இறங்குங்க' என்று சொல்வதைப் போல, போலி ஜிபிஎஸ் சிக்னல் மூலம் ட்ரோனுக்குத் தவறான இடத்தைக் காட்டுவார்கள்.

2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்க்யூ-170 உளவு ட்ரோன் ஈரானிடம் சிக்கியது. அதன் கட்டுப்பாட்டை மின்னணு முறையில் கைப்பற்றியதாக ஈரான் சொன்னது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை.

பாதுகாப்பு எப்படி?

* குறியாக்கம்: கட்டளையும் வீடியோவும் 'என்கிரிப்ட்' செய்யப்பட்டே போக வேண்டும். ஈராக்கில் அப்படிச் செய்யாததால், அமெரிக்க ட்ரோன் வீடியோவை கிளர்ச்சியாளர்கள் மலிவான மென்பொருளை வைத்தே பார்த்தது 2009-ல் அம்பலமானது.
* அலைவரிசைத் தாவல்: அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றினால் ஜாமர் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.
* மாற்று வழிகாட்டி: ஜிபிஎஸ் போனாலும் கைரோஸ்கோப், கேமரா உதவியுடன் பறக்கலாம். இந்தியாவின் 'நாவிக்' அமைப்பில் ராணுவத்துக்கென குறியாக்கம் செய்யப்பட்ட தனி சேவையும் உண்டு.
* ஃபைபர் கேபிள்: உக்ரைன் போரில் இரு தரப்பும் கேபிள் இணைத்த ட்ரோன்களைப் பறக்கவிடுகின்றன. ரேடியோ சிக்னலே இல்லாததால் ஜாமர் வேலை செய்யாது. ஆனால், கேபிளின் நீளம் வரைதான் போக முடியும்.

உதிரிபாகத்திலும் ஆபத்து

வெளியில் இருந்துதான் தாக்குதல் வரும் என்றில்லை. சீன உதிரிபாகங்கள் இருந்ததால், ராணுவத்துக்கான 400 சரக்கு ட்ரோன்களின் ஒப்பந்தங்கள் ரத்து செய்யப்பட்டதாக 2025 பிப்ரவரியில் தகவல் வெளியானது. சிப்பிலோ மென்பொருளிலோ 'பின்வாசல்' ஒன்று இருந்தால், மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் உதவாது.

சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. எனவே ட்ரோனை இங்கே பூட்டினால் மட்டும் போதாது. அதன் சிப்பும் மென்பொருளும் யாருடையது என்பதுதான் கேள்வி.