மூளையின் சாப்பாட்டுக் கணக்கு

ஏஎல் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்கும்போது, "வெறும் வயித்தோட இருந்து படிச்சா மண்டையில ஏறாது" எண்டு வீட்டில சொல்லுவினம். நாங்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் மனிதக் கூர்ப்பின் ஒரு பெரிய கேள்வியே அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் மூளை உடல் நிறையில் 2 சதவீதமளவுதான். ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதமளவு அதற்கே போகிறது. நித்திரையிலும் அந்தச் செலவு நிற்பதில்லை. 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒஸ்ரலோபித்தேக்கசின் மூளை ஏறத்தாழ 450 கனசென்ரிமீற்றர். எங்களுடையது அதைப்போல மூன்று மடங்கு. இந்த மேலதிகச் செலவை உடல் எப்படிச் சமாளித்தது?

1995 இல் லெஸ்லி ஐயெல்லோவும் பீற்றர் வீலரும் ஒரு பதில் சொன்னார்கள். குடலும் மூளையைப்போலச் செலவு கூடிய இழையம். எங்களளவு நிறையுள்ள குரங்கினமொன்றுக்கு இருக்கவேண்டியதைவிட எங்கள் குடல் சிறியது. இறைச்சி போன்ற சத்துக்கூடிய உணவு கிடைத்ததால் குடல் சிறுத்தது, மிச்சம்பிடித்த சக்தி மூளைக்குப் போனது என்பது அவர்களின் வாதம். நெருப்பில் சமைத்ததுதான் முக்கிய திருப்பம் என்று ரிச்சர்ட் ரங்கம் பிறகு எழுதினார்.

கேட்க அழகான கதை. ஆனால் 2011 இல் அனா நவரேட்டேயும் சக ஆய்வாளர்களும் 100 பாலூட்டி இனங்களை அளந்து பார்த்தபோது, பெரிய மூளையுள்ளவற்றுக்குக் குடல் சிறிது என்ற தொடர்பு கிடைக்கவில்லை. 2016 இல் ஹேர்மன் பொன்ற்சரின் குழு வேறொன்றைக் காட்டியது: உடலளவைக் கணக்கில் எடுத்தால், சிம்பன்சியைவிட நாங்கள் நாளுக்கு 400 கிலோகலோரியளவு கூடுதலாக எரிக்கிறோம். அதாவது, ஒரு செலவைக் குறைத்து இன்னொன்றைச் சமாளித்தது மட்டுமல்ல. மொத்த வரவுசெலவே பெருத்துவிட்டது.

செலவு கூடினால் பஞ்சத்தில் ஆபத்தும் கூடும். மற்ற வாலில்லாக் குரங்குகளைவிட எங்கள் உடலில் கொழுப்புச் சேமிப்பு அதிகமாக இருப்பதும், உணவைப் பங்கிட்டுச் சாப்பிடுவதும் அதற்கான காப்பு என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதில் எங்களை உலுக்கியது பிள்ளைகளின் கணக்கு. கிறிஸ்ரோபர் குசாவாவின் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதளவில் உடலின் மொத்தச் சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் மூளைக்கே போகிறது. அந்த வயதில் உடல் மெதுவாக வளருவதும் அதனால்தானாம்.

2022 இல் எங்கட நாட்டில் விலைகள் ஏறியபோது எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு வேளைகள் குறைந்தன. பாடசாலையில் கொடுக்கும் ஒருநேரச் சோற்றை இலவசம், தர்மம் எண்டு பேசுறவையும் இருக்கினம். பங்கிட்டுச் சாப்பிட்டதால்தான் இந்த மூளையே எங்களுக்கு மிஞ்சியிருக்கலாம். ஒரு பிள்ளையைப் படிப்பு ஏறாத பிள்ளை எண்டு சொல்ல முதல், காலமை சாப்பிட்டதா எண்டு கேட்போம்.