போர்த்தோபாலோ: ஐரோப்பா எண்ண மறுத்த 283 பேர்

மத்தியதரைக் கடலில் நிகழும் அகதி மரணங்கள் பற்றிய அரசியல் விவாதம் 2013 ஒக்டோபரில் லம்பெடூசாத் தீவருகே நடந்த விபத்தோடு தொடங்கியதாகவே ஐரோப்பியப் பத்திரிகைகள் பொதுவாக எழுதுகின்றன. தமிழர்களின் கணக்கு வேறு. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1996 நத்தார் இரவில், மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். இலங்கைத் தமிழர், பஞ்சாபியர், பாகிஸ்தானியர். அப்படியொரு விபத்து நடந்ததையே இத்தாலிய அரசு நான்கரை ஆண்டுகள் ஏற்கவில்லை.

1995 இறுதியில் யாழ்ப்பாண இடப்பெயர்வு நடந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் இளைஞர்கள் வன்னி வழியாகவும் கொழும்பு வழியாகவும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். விமானத்தில் ஏறி ஐரோப்பாவில் இறங்கித் தஞ்சம் கேட்கும் வழி அப்போது இறுகிவிட்டிருந்தது. 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் உடன்படிக்கை, விசா இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்க வகைசெய்தது. அகதியா இல்லையா என்று பார்க்கும் வேலை, விமான நிலையத்தில் பயணச்சீட்டுப் பார்க்கும் ஊழியரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குச் சட்டம் தெரியாது, தண்டம் தெரியும். சில நூறு டொலர் விமானப் பயணத்துக்குப் பதிலாகப் பல ஆயிரம் டொலரை முகவருக்குக் கொடுத்துக் கப்பலேற வேண்டி வந்தது இப்படித்தான். எல்லைக் கொள்கை பற்றிய பேச்சில் பலரும் தாண்டிப் போகும் இடம் இது.

அந்த இரவில் 'யியோஹான்' என்ற சரக்குக் கப்பலில் இருந்தவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர், மால்டாவிலிருந்து வந்த 'எஃப் 174' என்ற சிறிய மரப்படகுக்கு மாற்றப்பட்டார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகுக்குள் தண்ணீர் ஏறவே, தாய்க்கப்பல் திரும்ப அழைக்கப்பட்டது. நெருங்கிய கப்பல் படகில் மோதியது. கயிற்றைப் பிடித்து ஏறியவர்கள் ஏறக்குறைய முப்பது பேர்.

கப்பல் அங்கே நிற்கவில்லை. கிரேக்கத்துக்குப் போய், எஞ்சியவர்களைக் கரையில் இறக்கிவிட்டது. அவர்கள் பொலிசாரிடம் நடந்ததைச் சொன்னார்கள். வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே கதையைச் சொன்னார்கள். ஆனால் கடலின் மேல் உடலும் மிதக்கவில்லை, படகின் பலகையும் மிதக்கவில்லை. ஆகவே விபத்தும் இல்லை என்று முடிவாயிற்று. இத்தாலியில் 'இல் மனிஃபெஸ்தோ' போன்ற ஓரிரு நாளிதழ்கள் மட்டும் விடாமல் எழுதின.

உடல்கள் இல்லாமல் இல்லை. சிசிலியின் தென்கிழக்கு முனையில் உள்ள போர்த்தோபாலோ என்ற சிற்றூரின் மீனவர்களுக்கு 1997 தொடக்கத்திலிருந்தே மீனோடு மனித உடல்களும் மடியில் ஏறின. அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலில் போட்டார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனால் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை முடியும்வரை படகு துறைமுகத்தில் கட்டப்பட்டுக் கிடக்கும், அத்தனை நாளும் வருமானம் இல்லை. எங்கள் வடக்குக் கடலோரத்து மீனவர் எவருக்கும் இந்தக் கணக்கு புரியும், செயலை ஏற்காவிட்டாலும். ஊர் முழுவதும் தெரிந்த இரகசியமாக அது இருந்தது.

அதை உடைத்தது ஒரு தேசிய அடையாள அட்டை. ஒரு மீனவரின் வலையில் வந்த உடையில், உறை போட்டிருந்ததால் அழியாமல், 17 வயதுத் தமிழ் இளைஞன் ஒருவனின் படமும் பெயரும் இருந்தன. அந்த மீனவர் பத்திரிகையாளர் ஜொவானி மரியா பெல்லுவைத் தொடர்புகொண்டார். வலைகள் வழக்கமாகச் சிக்கிக் கிழியும் இடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2001 ஜூனில் 'லா ரெபூப்லிக்கா' நாளிதழின் ஏற்பாட்டில் ஒரு நீரடிக் கமரா அங்கே இறக்கப்பட்டது. கரையிலிருந்து 19 கடல் மைல் தூரத்தில், 108 மீற்றர் ஆழத்தில் எஃப் 174 கிடந்தது. உள்ளேயும் சுற்றிலும் எலும்புகள். சொன்னவர் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார்.

படகைத் தூக்குங்கள் என்று இத்தாலியின் நோபல் பரிசாளர்கள் கூடக் கேட்டார்கள். தூக்கவில்லை. இடம் பன்னாட்டுக் கடற்பரப்பில் இருந்ததால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற கேள்வியிலேயே வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு 2013க்குப் பிந்திய விவாதத்தைப் பார்த்தால் ஒன்று துலங்கும். கடலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கொள்கையை அசைப்பதில்லை. எத்தனை சவப்பெட்டிகள் கமராவுக்கு முன் வைக்கப்பட்டன என்பதே அசைக்கிறது. லம்பெடூசாவில் 368 பேர் கரையின் கண்ணெதிரே இறந்தார்கள், பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டன. இரண்டே வாரத்தில் இத்தாலியக் கடற்படை 'மாரே நோஸ்த்ரும்' மீட்புப் பணியைத் தொடங்கியது. ஓராண்டில் ஒன்றரை இலட்சம் பேரளவில் மீட்கப்பட்டார்கள். மாதச் செலவு 90 இலட்சம் யூரோவளவு.

எதிர்ப்பும் வந்தது. மீட்புக் கப்பல் நிற்பதே ஆட்களை இழுக்கிறது என்பது வாதம். பிரித்தானிய அரசு 2014 ஒக்டோபரில் இதைச் சொல்லியே மீட்புப் பணிக்கு ஆதரவு தர மறுத்தது. மாரே நோஸ்த்ரும் நிறுத்தப்பட்டு, மூன்றிலொரு பங்குச் செலவில், இத்தாலியக் கரையை ஒட்டியே சுற்றும் 'ட்ரைட்டன்' வந்தது. புறப்படுவோர் குறையவில்லை. 2015 ஏப்ரல் 18 அன்று ஒரே படகில் 800 பேரளவில் இறந்தார்கள், உயிர்தப்பியோர் 28 பேர். மீட்புக் கப்பல் ஆட்களை இழுக்கிறது என்ற வாதத்தை அந்த ஆண்டே கடலில் சோதித்துப் பார்த்தது போலாயிற்று. ஆனாலும் அந்த வாதம் இன்றுவரை பாராளுமன்றங்களில் உயிரோடிருக்கிறது.

அரசுகளின் பக்கத்தில் வலுவான வாதமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 பெப்ரவரியில் இத்தாலி லிபியாவுடன் உடன்பாடு செய்து, லிபியக் கரையோரக் காவலுக்குப் படகும் பயிற்சியும் கொடுத்தது. 2016இல் மத்தியதரைக் கடலில் 5,000ஐத் தாண்டிய மரணம் 2018இல் பாதியளவுக்குக் குறைந்தது. எல்லையை மூடினால் உயிர் காக்கலாம் என்பவர்கள் காட்டும் எண் இதுதான். அவர்கள் காட்டாதது, புறப்பட்டவர்களில் இறந்தோரின் விகிதம் அதே காலத்தில் கூடியது என்பதையும், மறித்துத் திருப்பப்பட்டவர்கள் லிபியத் தடுப்பு முகாம்களில் பட்ட சித்திரவதையையும்தான். கடலில் பிடித்தவர்களை லிபியாவிடம் நேரே ஒப்படைத்தது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இலேயே இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. லிபியர்களையே பிடிக்க வைத்தால் அந்தத் தீர்ப்பு தொடாது என்பது 2017 உடன்பாட்டின் உள்கணக்கு.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விரல் கடத்தல்காரனை நோக்கியே நீள்கிறது. நீளட்டும். யியோஹான் கப்பல் தலைவனுக்காகப் பரிந்து பேச எங்களில் ஒருவருமில்லை. ஆனால் 2023 பெப்ரவரியில் குத்ரோ கடற்கரையருகே 94 பேராவது இறந்தபோதும், அதே ஆண்டு ஜூனில் 750 பேரளவில் ஏற்றிய படகு கிரேக்கத்தின் பீலோஸ் அருகே மூழ்கி 104 பேர் மட்டும் தப்பியபோதும், எல்லைக் காவலர் அந்தப் படகுகளை முன்கூட்டியே பார்த்திருந்தார்கள். கண்டவர்கள் ஏன் உரிய நேரத்தில் மீட்கவில்லை என்ற கேள்விக்குக் கடத்தல்காரனைச் சிறையிலிடுவது பதிலாகாது.

2015இல் மூழ்கிய படகை 2016இல் இத்தாலி 370 மீற்றர் ஆழத்திலிருந்து தூக்கியது. மிலான் பல்கலைக்கழகத்தின் தடய மருத்துவ அறிஞர் கிறிஸ்தீனா கத்தானேயோவின் குழு, பல்லையும் எலும்பையும் சட்டைப்பையில் தைத்திருந்த பொருட்களையும் கொண்டு பெயர்களைத் தேடியது. முடியும் என்பதற்கு அதுவே சான்று. எஃப் 174 கிடப்பதோ அதில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கும் குறைவான இடத்தில். அந்த 283 பேரின் பெற்றோரில் பலர் மரணச் சான்றிதழ் கூட இல்லாமலே முதுமையடைந்துவிட்டார்கள்.