சாளரத் தாழும் பயணியின் கையும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு, ஊருக்குப் போவதென்றால் இரண்டு இரவும் ஒரு பகலும் இரயில் பெட்டிக்குள் கழிப்பது என்று பொருள். அத்தகைய நெடும் பயணத்தில் சாளரத்தின் ஓரத்தில் இடம் கிடைப்பதைப் பெரும் பேறாகக் கருதுகிறோம். விந்தியத்தின் காடுகளும், கோதாவரியின் நீர்ப்பரப்பும், பிறகு நமக்குப் பழகிய பனைமரங்களும் அந்தச் சாளரத்தின் வழியேதான் நம் கண்ணில் படுகின்றன. மழை வந்தால் கண்ணாடியை இறக்குகிறோம். வெயில் அடித்தால், சாய்வாகச் செருகிய தகடுகளைக் கொண்ட ஷட்டரை இறக்குகிறோம். காற்று வேண்டுமானால் இரண்டையும் உயர்த்தித் தாழில் மாட்டி வைக்கிறோம். தாழ் சரியாகப் பிடிக்காமல் சட்டம் விரலின்மேல் விழுந்து, வலியால் துடித்த அனுபவமும் நம்மில் சிலருக்கு இருக்கக்கூடும்.

இவ்வளவு சிறிய தாழுக்கும் ஒரு வரலாறு உண்டு. தாழ் என்பது இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டிய கருவி. பிடித்து வைப்பது ஒன்று. வேண்டும்போது விட்டுக் கொடுப்பது மற்றொன்று. பிடித்து வைக்கும் கலையை இரயில் பெட்டி செய்தோர் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டனர். விட்டுக் கொடுக்கும் கலையையோ, பல உயிர்களை விலையாகக் கொடுத்த பின்னரே உலகம் சிறிது சிறிதாகக் கற்றது.

1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டபோது, பெட்டி செய்யும் தொழிலாளிக்கு முன்மாதிரியாக இருந்தது குதிரை வண்டியே. சாலையில் ஓடிய கோச்சு வண்டியின் உடலை எடுத்து, இரும்புச் சக்கரங்களின்மேல் வரிசையாக வைத்தாற்போல முதல் வகுப்புப் பெட்டிகள் அமைந்தன. ஆகவே கோச்சு வண்டியின் சாளர ஏற்பாடும் உடன் வந்து சேர்ந்தது. கதவின் மேற்பாதியில் ஒரு கண்ணாடிச் சட்டம். கதவின் உட்புறம் குடைவு. சட்டத்தின் அடியில் ஒரு தோல் வார் கோத்திருக்கும். வாரைப் பிடித்து இழுத்தால் கண்ணாடி மேலே எழும். விட்டால் தன் எடையாலேயே குடைவுக்குள் இறங்கிவிடும். வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கதவில் ஒரு பித்தளை முளை இருக்கும். எந்தத் துளையை முளையில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குச் சாளரம் திறந்திருக்கும். திறவுகோல் இல்லை, வில் இல்லை. குழந்தையும் ஒரு முறை கண்டால் கற்றுக்கொள்ளும் பொறி. இங்கிலாந்தின் பெட்டிகளில் இந்தத் தோல் வார் நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்தது. சவரக் கத்தி தீட்டுவதற்கென்று வாரை அறுத்துச் சென்ற பயணிகளும் உண்டு என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஆனால் இந்த வசதி எல்லார்க்கும் கிட்டவில்லை. ஏழைகள் ஏறிய மூன்றாம் வகுப்பு வண்டிகள் பல, கூரையும் இன்றித் திறந்தே கிடந்தன. நாள்தோறும் ஒரு வண்டியிலேனும், மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், காற்றுக்கும் மழைக்கும் மறைப்புள்ள பெட்டிகளில் ஏழைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று 1844ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. சாளரம் என்ற பேச்சே அவர்களுக்கு அதன் பிறகுதான்.

சாளரத்தைத் திறக்கும் உரிமை பயணியின் கையில் இருந்தது. கதவைத் திறக்கும் உரிமையோ அவன் கையில் இல்லை. ஓடும் வண்டியிலிருந்து யாரும் குதித்துவிடக் கூடாது என்று கருதிய கம்பெனிகள் பல, கதவுகளை வெளிப்புறமாகப் பூட்டி வைத்தன. இதன் விளைவை 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி உலகம் கண்டது. பிரான்சு நாட்டில் வெர்சாயில் அரசரின் விழாவைக் கண்டு களித்துப் பாரிசுக்குத் திரும்பிய மக்கள் கூட்டத்தைச் சுமந்து வந்த வண்டி, மூதோன் என்னுமிடத்தில் எஞ்சினின் அச்சு முறிந்து கவிழ்ந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறின. எஞ்சினின் தணல் பட்டு மரப்பெட்டிகள் தீப்பற்றின. கதவுகள் பூட்டியிருந்தமையால் உள்ளே இருந்தோர் வெளியேற இயலவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென் துருவப் பனிக் கடல்களில் கலம் செலுத்தி உயிருடன் மீண்ட துமோன் தூர்வில் என்னும் புகழ்பெற்ற மாலுமி, தம் மனைவியோடும் மகனோடும் அந்தப் பெட்டிக்குள் எரிந்து போனார்.

இச்செய்தி இங்கிலாந்தை எட்டியபோது, சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார் அந்நாட்டுக் கம்பெனிகளும் கதவைப் பூட்டுவதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர் அவர். உயர் பதவியில் உள்ள ஒருவர் எரிந்து மாண்டால்தான் இந்த வழக்கம் ஒழியும் என்று அவர் எழுதியதில் நகைப்பைவிடக் கசப்பே மிகுதி.

அமெரிக்காவில் பெட்டியின் அமைப்பு வேறு. நடுவே நீண்ட நடைபாதையும், இருபுறமும் இருக்கைகளும், மேல்நோக்கி உயரும் சாளரங்களும் அங்கே வழக்கமாயின. மேலே உயரும் சட்டம் தன் எடையால் கீழே விழப் பார்க்கும். அதைத் தடுக்க வில்லோடு கூடிய தாழ் தேவைப்பட்டது. சட்டத்தின் ஓரத்தில் உள்ள பிடியை விரலால் அழுத்தினால் தாழின் நாக்கு பள்ளத்திலிருந்து விலகும். விட்டால் வில்லின் விசையால் அடுத்த பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். வெயிலை மறைக்கும் திரைக்கும் இதே தத்துவம் பயன்பட்டது. ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்பவர் 1864இல் உரிமை பெற்ற, உள்ளே சுருள்வில் அடங்கிய உருளை, திரையைத் தானே சுருட்டிக்கொள்ளும் திறன் படைத்தது. ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் திரை ஆடாமல் நிற்பதற்காக, அதன் அடிச்சட்டத்தின் இரு முனைகளும் சாளரத்தின் பக்கவாட்டுப் பள்ளங்களில் அழுந்தி நிற்கும்படி செய்தார்கள். நடுவே இரண்டு சிறு பிடிகள். அவற்றை இரு விரல்களுக்கிடையே நெருக்கினால் முனைகள் உட்புறம் ஒடுங்கும், திரை விடுபடும். விரலை எடுத்த இடத்தில் திரை நிற்கும். ஒரு கையால், பார்க்காமலே செய்யக்கூடிய செயல் இது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடிற்று. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்டது. இங்கிலாந்தில் குளிரைத் தடுப்பதற்குச் சாளரம். இங்கோ வெப்பத்தோடும் புழுதியோடும் போராடுவதற்குச் சாளரம். எனவே கண்ணாடி மட்டும் போதவில்லை. காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சாய்பலகை ஷட்டரும், உயர் வகுப்புகளில் எஞ்சினின் கரித்தூளையும் பூச்சிகளையும் தடுக்கும் கம்பி வலையும் சேர்ந்துகொண்டன. கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைச் சாளரத்தில் பொருத்தி, நீர் தெளித்துக் குளிர்ந்த காற்றை வரவழைக்கும் வழக்கமும் உயர் வகுப்பில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பயணிக்கு இவற்றுள் ஷட்டர் வாய்த்தாலே பெரிது.

காற்றுவழி அடைபட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணின் எல்லையிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியின்போது பிடிபட்ட சுமார் நூறு பேரைத் திரூரில் ஒரு சாமான் பெட்டிக்குள் அடைத்துக் கோவைப் பக்கம் அனுப்பினார்கள். பெட்டி வெளியே பூட்டப்பட்டிருந்தது. காற்றுக்கென்று இருந்த துளைகளின் கம்பிவலை, வண்ணப்பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. மாண்டவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். காற்று வழி ஒன்று அமைத்திருந்தும், அது திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

1928இல் தொடங்கிய பிராண்டியர் மெயிலில், 1934ஆம் ஆண்டு குளிரூட்டிய பெட்டி ஒன்று இணைக்கப்பட்டது. பெட்டிக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து, அவற்றின்மீது செலுத்திய காற்றை உள்ளே விடுவார்கள். குளிர்ந்த காற்று வெளியேறாதிருக்கச் சாளரம் மூடியிருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. திறக்க முடியாத சாளரம் அன்று செல்வத்தின் அடையாளமாக வந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் உதவியோடு சென்னைப் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை அமைந்தது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பிரதமர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். மரம் போய் எஃகு வந்தது. நாம் நன்கறிந்த நீல நிறப் பெட்டிகளின் சாளரம் அங்கே உருப்பெற்றதுதான்: கண்ணாடி ஒன்று, தகட்டு ஷட்டர் ஒன்று, இரண்டும் மேலே உயர்பவை, உயர்த்திய சட்டத்தைத் தாங்கி நிற்கத் தாழ், இவற்றுக்கு அப்பால் குறுக்கே இரும்புக் கம்பிகள். இரவில் திருடர் கை நுழையாமலும், குழந்தைகள் வெளியே விழாமலும் காக்கும் கம்பி, ஆபத்து வேளையில் உள்ளிருப்பவரையும் வெளியே விடாது. இந்த இரண்டையும் ஒருங்கே தீர்ப்பதுதான் பெட்டி செய்வோரின் தலைவலியாயிற்று.

இதே சிக்கலை ஜப்பான் எவ்வளவு கொடிய முறையில் கற்றது என்பதைச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். போர்க் காலத்தில் பெரிய கண்ணாடி கிடைப்பது அரிதாயிருந்தமையால், அந்நாட்டு மின்சார வண்டிகளின் சாளரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சிறு கண்ணாடிகளாகப் பிரித்தார்கள். மேலும் கீழும் உள்ளவை நகரும். நடுவில் உள்ளது நகராது. ஆகவே திறந்த வழியின் உயரம் 29 சென்டிமீட்டரே. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, யோக்கஹாமா நகரின் சக்குராகிச்சோ நிலையத்துக்குள் அத்தகைய வண்டி ஒன்று நுழைந்தபோது, பழுது பார்க்கும் வேலையில் அறுந்து தொங்கிய மின்கம்பியில் அதன் கூரைக் கருவி சிக்கிக்கொண்டது. பொறி பறந்து, மரக் கூரை பற்றி எரிந்தது. காற்றழுத்தத்தால் இயங்கிய கதவுகள் திறக்கவில்லை. அவற்றைக் கையால் திறப்பதற்கென்று ஒரு திருகுக் குழாய் பெட்டியிலேயே இருந்தது. அது எங்கே இருக்கிறதென்று பயணிகளுக்குத் தெரியாது. எந்த அறிவிப்பும் எழுதப்படவில்லை. 106 பேர் மாண்டனர்.

அதன் பிறகு நடுக் கண்ணாடியையும் நகரும்படி செய்தார்கள். திருகு இருக்கும் இடத்தைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். ஆயினும் பாடம் முடியவில்லை. 1962ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி தோக்கியோவின் மிக்காவாஷிமாவில், சரக்கு வண்டியோடு மோதித் தடம் புரண்ட ஒரு வண்டியின் பயணிகள், தாங்களே அந்தத் திருகைத் திருப்பிக் கதவைத் திறந்து இருப்புப் பாதையில் இறங்கி நடந்தார்கள். எதிர்ப் பாதையில் வந்த வண்டியை நிறுத்துவார் இல்லை. அது அவர்கள்மீது பாய்ந்தது. அந்த விபத்தில் 160 பேர் இறந்தனர். முன்னர்த் திறக்கத் தெரியாமல் மடிந்தார்கள்; பின்னர்த் திறந்து இறங்கியவர்களைக் காக்கும் ஏற்பாடு இல்லாமல் மடிந்தார்கள். திறக்கும் பொறியும், அதைப் பற்றிய அறிவும், திறந்த பின் என்ன செய்வது என்ற ஒழுங்கும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பயன் உண்டு என்பது இவ்விரு துயரங்களாலும் தெளிவாகும்.

நம் நாட்டுப் பெட்டிகளிலும் இதற்கு வழி செய்துள்ளார்கள். கம்பியிட்ட சாளரங்களுள் சில, ஆபத்துக் காலச் சாளரங்களாகச் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கம்பிச் சட்டத்தை உள்ளிருந்தே விடுவித்து வெளியேறலாம். குளிரூட்டிய பெட்டிகளிலும் குறிப்பிட்ட சில சாளரங்களே அவ்வாறு அமைந்தவை. பெட்டியின் வகைக்கேற்ப, பிடியை இழுத்தோ, அருகிலுள்ள சுத்தியலால் கண்ணாடியை உடைத்தோ வழி உண்டாக்கலாம். ஆயினும் துயரம் நம்மை விட்டுவிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி விடியற்காலையில், புது தில்லியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்நாடு எக்ஸ்பிரசின் படுக்கைப் பெட்டி ஒன்று நெல்லூரில் தீப்பற்றியது. சில மணி நேரத்தில் சென்னையில் இறங்க வேண்டியவர்களில் முப்பது பேருக்குமேல் உறக்கத்திலும் புகையிலும் உயிரிழந்தனர். 2013 டிசம்பர் 28ஆம் தேதி பெங்களூரிலிருந்து நாந்தேடுக்குச் சென்ற வண்டியின் குளிரூட்டிய பெட்டியில், அனந்தபுரம் மாவட்டத்தில் நேர்ந்த தீயில் 26 பேர் மாண்டனர். முதலாவது கம்பியிட்ட சாளரமுள்ள பெட்டி. இரண்டாவது கண்ணாடியால் மூடிய பெட்டி. இருளிலும் புகையிலும் வழி தேடுவோருக்கு இரண்டும் சுவராகவே நிற்கக்கூடியவை.

2018ஆம் ஆண்டில் பெரம்பூரில் பழைய வகைப் பெட்டி செய்வது நின்றது. 2019இல் அதே தொழிற்சாலையில் பிறந்த வந்தே பாரத் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் அகன்ற கண்ணாடியைப் பயணி திறக்க முடியாது. புழுதி இல்லை, இரைச்சல் இல்லை. நிலையத்தில் கைநீட்டித் தேநீர் வாங்கும் வழக்கமும் இல்லை. காலம் செல்லும் திசை இது. இதனால் பயணியின் கையிலிருந்த தாழ் மெல்ல மறைந்து, ஆபத்துக் காலத்தில் மட்டும் தேவைப்படும் சிவப்புப் பிடியாகச் சுருங்குகிறது. நாள்தோறும் கை பழகிய தாழை இருளிலும் தடவித் திறக்கலாம். வாழ்நாளில் ஒருமுறையும் தொடாத பிடியை அவ்வாறு திறப்பது எளிதன்று.

ஆகையால் அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, பெட்டி படுக்கைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிய பிறகு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பெட்டிக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். சிவப்பு வண்ணச் சாளரம் நம் இடத்திலிருந்து எத்தனையாவது என்று விரல்விட்டு எண்ணி வையுங்கள். அதன்மேல் எழுதியுள்ள குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். வாயிலையும் அந்தச் சாளரத்தையும் மூட்டை முடிச்சுகளால் அடைக்காதீர்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு அமைதியாக அமர்ந்து, வெளியே ஓடும் காட்சிகளைக் கண்டுகொண்டே ஊர் போய்ச் சேரலாம்.