ஒரு டொலருக்குப் பதினைந்து சதம்

முதுமைக்காகத் திட்டமிடாதவன் மூடன் எனத் தொழிலாளிக்கு ஓயாது போதிக்கப்படுகின்றது. ஒரே இடத்தில் நெடுநாள் உழை, சிக்கனமாயிரு, இறுதிக் காலத்தை நிம்மதியாகக் கழி என்பதே அப்போதனையின் சாரம். இதனைப் பிசகாது கடைப்பிடித்தோர் ஒரு பெருங் கம்பெனியில் எய்திய கதியை நாம் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்திலே, சவுத் பென்ட் நகரில், 1852-ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் சகோதரர் கொல்லுப் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். குதிரை வண்டி செய்த அப்பட்டறை இருபதாம் நூற்றாண்டில் மோட்டார்க் கார் செய்யும் பெருங் கம்பெனியாயிற்று. 1950-இல் கம்பெனியும் மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் இளைப்பாற்றுச் சம்பள ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழிலாளர் அதனைக் கொடையென எண்ணவில்லை. இன்று கைக்கு வராத கூலி நாளை வந்து சேரும் என்றே எண்ணினர்.

ஆனால், வாக்குறுதிக்கும் வைப்புப் பணத்துக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. ஒப்பந்தத்துக்கு முந்திய சேவைக் காலமும் கணக்கிற் சேர்க்கப்பட்டது. அதற்குரிய பணமோ உடனே செலுத்தப்படவில்லை. ஏறத்தாழ முப்பது வருடங்களிற் சிறுகச் சிறுகச் செலுத்துவதென்பது ஏற்பாடு. கம்பெனி அதுவரை நிலைக்கும் என்ற நம்பிக்கையே இதற்கு அத்திவாரம். நிதியில் உள்ளதற்கு மேல் கொடுக்கும் கடப்பாடு கம்பெனிக்கு இருக்கவில்லை.

1963 டிசம்பர் 9-இல் சவுத் பென்ட் தொழிற்சாலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. மறு வருடம் நிதி கலைக்கப்பட்டபோது தொழிலாளர் மூன்று கூறாயினர். இளைப்பாறியோரும், அறுபது வயதடைந்து இளைப்பாறும் தகுதி பெற்றோருமாகச் சுமார் 3,600 பேர் முழுத் தொகையும் பெற்றனர். நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான, பத்து வருட சேவையேனும் முடித்த சுமார் 4,000 பேருக்கு டொலருக்குப் பதினைந்து சதமே கிடைத்தது. இவர்களின் சராசரி வயது 52. சராசரிச் சேவை 23 வருடம். எஞ்சிய 2,900 பேரளவினர் வெறுங்கையுடன் சென்றனர். ஐம்பத்தொன்பது வயதினனுக்கும் அறுபது வயதினனுக்கும் உழைப்பில் என்ன வேற்றுமை? மூடுவதற்குக் குறித்த நாளே அவர்கள் முதுமையை நிர்ணயித்தது.

இவ்வநீதி சட்டமாகத் திருந்தப் பத்து வருடங்களுக்கு மேலாயிற்று. முதலாளிமார் பலர் எதிர்த்தனர். 1974 செப்டெம்பர் 2-இல் கைச்சாத்திடப்பட்ட சட்டம், இளைப்பாற்று நிதியிற் போதிய பணம் இடுவதைக் கட்டாயமாக்கியது. குறித்த சேவைக்குப் பின் உரிமை பறிபோகாது என்றது. நிதி முறிந்தால் ஒரு வரம்பு வரை ஈடுசெய்யும் அரசாங்கக் காப்புறுதி நிறுவனத்தையும் ஏற்படுத்தியது.

முதலாளித்துவம் வேறு வழி கண்டது. 1978-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இடம்பெற்ற 401(கே) என்னும் பிரிவைப் பற்றிக்கொண்டு, நிச்சயித்த இளைப்பாற்றுச் சம்பளத்தைக் கம்பெனிகள் படிப்படியாகக் கைவிட்டன. தொழிலாளி தன் சேமிப்பைத் தானே முதலிட்டு, இலாப நட்டத்தைத் தானே சுமக்கலானான். 2001 டிசம்பரில் என்ரோன் கம்பெனி முறிந்தபோது, ஊழியர் சேமிப்பிற் பாதிக்கு மேற்பட்டது அக்கம்பெனியின் பங்குகளாகவே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒருங்கே அழிந்தன.

ஸ்டூடிபேக்கர் தொழிலாளர் திட்டமிடத் தவறியவரல்லர். நிதி எங்கே இருக்கின்றது, எவர் கையில் இருக்கின்றது, முறிந்தால் எவர் பொறுப்பு என்னும் கேள்விகளைத் தனியொருவன் கேட்டுப் பயனில்லை. சங்கமாகத் திரண்டு கேட்டபோதே, அதுவும் சட்டத்தில் எழுதுவித்தபோதே, அவற்றுக்கு விடை கிடைத்தது. முதுமை தனிமனிதனின் சிக்கனத்தால் மட்டும் தீரும் கணக்கன்று. சமுதாயம் தீர்க்க வேண்டிய கடன்.