ஒரு கைநாட்டும் இரண்டு கரைகளும்

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் தட்டையான ஓடத்துக்கு அந்தப் பக்கத்து மக்கள் வைத்த பெயர் ‘பாதை’. மண்முனைத் துறையிலும் அம்பிளாந்துறையிலும் குருமண்வெளியிலும் பாதைகள் ஓடின. சைக்கிள், நெல்மூட்டை, பள்ளிப்பிள்ளை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே பலகையில் ஏறி ஒன்றாகவே இறங்கும். கரையில் நிற்கிறவர் கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருந்தது: பாதை எப்ப வரும்?

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தபின் துறைகளில் கேள்விகள் பெருகின. ஆர்? எங்க போறாய்? பைக்குள்ள என்ன?

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். கடற்பக்கம், சூரியன் எழும் திசை எழுவான்கரை. சூரியன் படும் திசை படுவான்கரை. பட்டினமும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். வயலும் மாட்டுப்பட்டியும் படுவான்கரையில். நெல் இங்கே வரவேண்டும், மருந்து அங்கே போகவேண்டும். போர்க்காலத்தில் எழுவான்கரை இராணுவத்தின் கையிலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. பற்றரி, சீமெந்து, எரிபொருள் எதுவும் ஆயுதத்துக்கு உதவலாம் என்ற சந்தேகத்தில் சோதனைச் சாவடியில் எண்ணிப் பார்க்கப்பட்டது. அடையாள அட்டையை மறந்தவர் அன்றைய பயணத்தையும் மறந்துவிடவேண்டியதுதான். மறுகரையில் இறங்கினால் புலிகளின் வரி, புலிகளின் விசாரணை. பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பெற்றோரின் பயம். ‘பாதுகாப்பு’ என்ற சொல் இரு கரையிலும் ஒலித்தது. யாருடைய பாதுகாப்பு என்பது துறைக்குத் துறை மாறியது.

பாதுகாப்புக்கான பேரம் இந்த வாவிக்குப் புதிதல்ல. 1638 மே மாதம், புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டியிருந்த கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். சில நாட்களில் அங்கேயே கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்ற இடத்தில், ‘மன்னர் விரும்பினால்’ என்று பொருள்படும் சொற்கள் மன்னரிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தன; ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. அந்த ஓரிரு சொற்களைச் சொல்லியே இரு தரப்பும் பின்னர் மோதிக்கொண்டன. எந்த மொழியில் எழுதிய தாள் செல்லும் என்ற வழக்கு, 355 ஆண்டுகள் கழித்து இதே வாவிக்கரையில் வேறொரு வடிவத்தில் எழுந்தது. இம்முறை எதிர்த்தரப்பில் நின்றவர் மன்னர் அல்லர், கிராமத்து இளைஞர்.

அதற்கு முன் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். 1979 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள், மூன்று ஆண்டு ஆயுள் கொடுத்தார்கள். 1982இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். 9ஆம் பிரிவின்படி, குற்றம் சுமத்தாமலே ஒருவரைப் பாதுகாப்பு அமைச்சரின் உத்தரவில் 18 மாதம் வரை தடுத்து வைக்க முடிந்தது. வழமையான சாட்சியச் சட்டம் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பதில்லை. 16ஆம் பிரிவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும் என்றது. அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடிபட்டவர் தலையிலேயே விழுந்தது.

அரசுக்கு ஆபத்து ஏதும் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. 1991 ஜூன் 12ஆம் தேதி மகிழடித்தீவில் கண்ணிவெடியில் 2 படையினர் இறந்ததும், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்து 67 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. பிறகு இராணுவ நீதிமன்றம், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று பொறுப்பதிகாரி ஒருவரை மட்டும் குற்றவாளியாகக் கண்டு சேவையிலிருந்து நீக்கியது. மற்றவர்கள் விடுதலையானார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1993 ஜூலை 16 விடிகிறது. காலை 5 மணி. சுற்றிவளைப்பு. 150 தமிழ் ஆண்கள் பிடிபட்டு கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நல்லரத்தினம் சிங்கராசா அவர்களில் ஒருவர். கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டு அடித்தார்கள் என்பது அவரது முறைப்பாடு. அன்று மாலையே பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டார்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 11ஆம் தேதி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் நிறுத்தப்பட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர், முன்பு அவரை விசாரித்த அதே கான்ஸ்டபிள். சிங்களத்தில் தட்டச்சடித்ததும் அவரே. என்ன எழுதியிருக்கிறதென்று விளங்கவில்லை, கையெழுத்துப் போடமாட்டேன் என்று மறுத்ததாகவும், பெருவிரலைப் பிடித்து அழுத்தியெடுத்ததாகவும் சிங்கராசா சொன்னார். அந்தக் கைநாட்டோடு தாள் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ ஆனது. சட்டத்தரணி யாரும் பக்கத்தில் இல்லை.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்களைச் சேர்த்து 5 குற்றச்சாட்டுகள். முதுகில் தழும்புகளும் இடது கண்ணில் கடும் காயமும் இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. ஆயினும் மேல் நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்றது. 1995 அக்டோபரில் 50 ஆண்டுச் சிறை. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 35 ஆண்டாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது.

உள்ளூர்த் துறைகள் எல்லாம் மூடிக்கொண்டன. ஒரு துறை மட்டும் திறந்திருந்தது, ஜெனீவாவில். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்திருந்தது. சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சிக்காலத்தில், 1997இல், அதன் விருப்பத்தெரிவு நெறிமுறையிலும் இணைந்தது. அதன்படி நாட்டுக்குள் வழி தீர்ந்துபோன தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரே முறையிடலாம். 2001இல் சட்டத்தரணிகள் சிங்கராசாவுக்காக முறையிட்டார்கள். 2004 ஜூலை 21ஆம் தேதி குழு முடிவு சொன்னது: நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது, வாக்குமூலம் சுயமாகக் கொடுத்தது என்று நிரூபிக்கவேண்டியது அரசுதான், விடுதலை அல்லது மறுவிசாரணையும் இழப்பீடும் உட்படப் பரிகாரம் வேண்டும்.

அந்த முடிவோடு சிங்கராசா மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டம்பர் 15ஆம் தேதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளியது. காரணம் சிங்கராசாவின் கண்ணைப் பற்றியதோ கைநாட்டைப் பற்றியதோ அல்ல. நாட்டு மக்களின் உரிமைகளை வெளியார் அமைப்பு ஒன்று தீர்ப்பதற்கு விடுவது அரசியலமைப்புக்கு முரண், ஆகவே 1997இல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் இணைந்ததே செல்லாது என்றது நீதிமன்றம். கையெழுத்து உலகத்துக்கு முன் அப்படியே இருந்தது. ஊருக்குள் அதற்குப் பெறுமதி இல்லாமல் போனது. சிங்களம் தெரியாதவரின் பெருவிரல் செல்லும், ஜனாதிபதியின் இணைவு செல்லாது என்று இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தவர்கள் திகைத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 2007இன் 56ஆம் இலக்கச் சட்டமாக, உடன்படிக்கையின் சில பகுதிகளை நாட்டுச் சட்டமாக்கினார்கள். மதவெறுப்பையும் இனவெறுப்பையும் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவும் அதில் உண்டு. உலகம் உரிமைக்காக எழுதிய அந்த வரிகளைக் கொண்டு 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை ஒரு சிறுகதைக்காகச் சிறையில் அடைத்தார்கள். மே மாதம், உடையில் கப்பற்சுக்கான் படம் இருந்ததற்காக ஒரு முஸ்லிம் பெண் கைதானார்; அதைத் தர்மச்சக்கரம் என்று பார்த்தார்களாம்.

அந்த ஏப்ரல் வேறு காரணத்தால் மட்டக்களப்பு மறக்கமுடியாதது. 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் காத்தான்குடிக்காரர். பாதுகாப்பு ஏன் வேண்டும் என்று மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அன்று சட்டத்தில் குறை இருக்கவில்லை: பயங்கரவாதத் தடைச் சட்டம் 40ஆம் ஆண்டை எட்டியிருந்தது, இந்தியா ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்திருந்தது. எச்சரிக்கைத் தாள் கையிலிருந்தும் செயற்படத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றது.

2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தி, 18 மாதத் தடுப்பை 12 மாதமாக்கினார்கள். வாக்குமூலம் பற்றிய 16ஆம் பிரிவில் கை வைக்கவில்லை.

மண்முனைத் துறையில் இப்போது பாதை இல்லை. 2014இல் ஜப்பானின் உதவியோடு கட்டிய பாலம் திறந்தது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு எழுவான்கரைச் சனம் அதன்மேல் போகிறது. அட்டையை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் போரைப் பார்த்த வயதினர் சிலருக்கு, பாலம் நெருங்கும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.