வடக்கு மாசிடோனியா என்றால் தெற்கு எங்கே?



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் (அவனுக்கே இப்போது கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான்) கால்பந்து பார்த்துவிட்டு வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "சார், வடக்கு மாசிடோனியான்னு ஒரு டீம் ஆடுதே, அப்போ தெற்கு எங்கே? நம்ம அலெக்சாண்டர் நாடுதானே இது?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

அலெக்சாண்டர் பிறந்த பெல்லா நகரம் இன்றைய கிரீஸ் நாட்டுக்குள் இருக்கிறது. அங்கே வடபகுதிக்கு மாசிடோனியா என்றுதான் பெயர். அங்குள்ள கிரேக்கர்களும் தங்களை மாசிடோனியர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பையன் தேடும் 'தெற்கு' அதுதான். ஆனால் தனி நாடு அல்ல.

எல்லைக்கு வடக்கே ஸ்கோப்ஜேயைத் தலைநகராகக் கொண்ட நாடுதான் கால்பந்து ஆடுகிறது. அன்னை தெரசா 1910இல் பிறந்த ஊர் அது. அங்கே பெரும்பான்மையோர் பேசுவது ஸ்லாவிய மொழி. அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்து சுமார் 900 ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்லாவியர்கள் அந்தப் பக்கம் குடியேறினார்கள். ஆகவே அவர்கள் மொழிக்கும் அலெக்சாண்டருக்கும் தொடர்பில்லை. ஸ்கோப்ஜே நடுவில் 2011இல் குதிரைமேல் ஒரு மாவீரனுக்குப் பிரம்மாண்ட சிலை வைத்ததெல்லாம் வீண் வம்பு என்பது என் கருத்து.

அப்படியானால் அந்தப் பெயர் அவர்களுக்கு எப்படி வந்தது? மண்ணிலிருந்து வந்தது. துருக்கியர் ஆண்ட கடைசிக் காலத்தில் அந்த வட்டாரத்தையே மாசிடோனியா என்றார்கள். ஸ்லாவியர், கிரேக்கர், அல்பேனியர், துருக்கியர், யூதர் எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் பலவகைக் காய், பழம் கலந்த உணவுக்கு 'மாசிடுவான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்!

ஒரு ஆசிரியனாக என்னை யோசிக்க வைத்த விஷயம் இது. அந்த மக்களைத் தம் பக்கம் இழுக்க கிரீஸும் பல்கேரியாவும் செர்பியாவும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடங்கள் திறந்தன. ஒரே ஊர்ப் பிள்ளைகள், எந்தப் பள்ளியில், எந்தத் தேவாலயத்தில் சேர்ந்தார்களோ அந்த இனம் என்று கணக்கில் எழுதப்பட்டார்கள். கரும்பலகை முன்னால் நின்ற நம் தொழில்காரர்கள் செய்த வேலை! 'நாங்கள் இந்த மூவரும் இல்லை, மாசிடோனியர்' என்று கிர்ஸ்தே மிசிர்கோவ் 1903இலேயே புத்தகம் எழுதினார். யார் கேட்டார்கள்? 1913இல் மூன்று நாடுகளும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கிரீஸ் பக்கம் மாட்டிக்கொண்ட ஸ்லாவியர்களின் ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. 1936க்குப் பிறகு மெடாக்சாஸ் ஆட்சியில் அவர்கள் மொழியைப் பேசினாலே தண்டனை.

செர்பியாவுக்குப் போன பகுதி 1944இல் யூகோஸ்லாவியாவுக்குள் தனிக் குடியரசானது. மறு ஆண்டே மொழிக்கு எழுத்தும் எழுத்துக்கூட்டல் விதிகளும் வகுத்தார்கள். 1991இல் தனி நாடானபோது கிரீஸ் எதிர்த்தது: 'எங்கள் மாகாணத்தின் பெயர், நாளை எங்கள் நிலத்தையே கேட்பீர்கள்' என்று. உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்தியவர்களின் பயம் அது; வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1994இல் கடலே இல்லாத அந்த ஏழை நாட்டுக்குத் துறைமுகத்தை அடைத்தது அநியாயம்.

ஐ.நா. சபையில் 1993இல் 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசு' என்ற அடைமொழியோடு சேர்த்தார்கள். ஆங்கிலப் பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற சொல்லின் எழுத்தை வைத்து, தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள்!

2018இல் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019 முதல் நாட்டின் பெயர் வடக்கு மாசிடோனியா. மொழியின் பெயரோ 'வடக்கு' இல்லாமல் மாசிடோனிய மொழிதான். அந்தச் சொல்லுக்கு இரு நாடுகளும் வெவ்வேறு பொருள் கொள்கின்றன என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கிரீஸ் ஓய்ந்ததும் பல்கேரியா கிளம்பியது. 'அது தனி மொழியே இல்லை, எங்கள் மொழியின் வட்டார வழக்கு' என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை 2020இல் தடுத்தது.