தையல்சிட்டும் ஓவியரும்

பங்கு இல்லத்துத் தோட்டத்தில் அகன்ற இலை ஒன்று சுருண்டு, அதன் விளிம்புகள் இணைந்திருக்கக் கண்டால், மறைக்கல்விக்கு வரும் சிறுவர்கள் அதைத் தொடாமல் விலகிச் செல்வார்கள். உள்ளே தையல்சிட்டின் கூடு இருக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். கைக்குள் அடங்கிவிடும் அச்சிறு பறவை, அலகால் இலையின் விளிம்பில் துளையிட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ நுழைத்து இலையைத் தைக்கிறது. முடிச்சு இடுவதில்லை, துளையின் மறுபுறம் பிரிந்து விரியும் பஞ்சே இழையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இந்த எளிய பறவை அறிவியல் ஏட்டில் இடம்பெற்ற வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் யோவான் கிதியோன் லோட்டன். ஆட்சிப் பொறுப்புகளுக்கு இடையிலும் இயற்கையின்மீது தணியாத ஆர்வம் கொண்டிருந்தார். அந்நாட்டின் உயிரினங்களை நீர்வண்ணத்தில் தீட்டித் தருமாறு அவர் அமர்த்திய ஓவியர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேர். இலங்கையிலேயே பிறந்தவர், ஐரோப்பிய, ஆசியக் குருதி கலந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆளுநர் விரும்பியதை நிறைவேற்றியது அவருடைய தூரிகையே.

ஆசியாவைவிட்டுத் திரும்பிய லோட்டன் பின்னர் இலண்டனில் வாழ்ந்தார். தாம் கொண்டுசென்ற ஓவியங்களை அங்கிருந்த இயற்கை ஆய்வாளர்களுக்குத் தாராளமாகக் காட்டினார். அவற்றைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு தாமஸ் பென்னன்ட் 1769-இல் 'இந்திய விலங்கியல்' என்னும் நூலை வெளியிட்டார். தையல்சிட்டுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அந்நூலிலேதான். ஆயினும் அதில் ஒரு பிழையும் புகுந்தது. காய்ந்த இலை ஒன்றைக் கொணர்ந்து பச்சை இலையோடு அப்பறவை தைக்கிறது என்று பென்னன்ட் எழுதினார். செடியில் உயிரோடு நிற்கும் இலைகளையே அது தைக்கிறது. அவை பசுமை மாறாதிருப்பதால்தான் கூடு பகைவர் கண்ணுக்கு மறைந்திருக்கிறது. பென்னன்ட் நம் நாடுகளுக்கு வந்தவரல்லர். நம் சிறுவர்கள் அன்றாடம் காண்பதை அவர் காணவில்லை.

பெயர்களின் கதையும் இதனோடு இணைந்ததே. நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு 1766-இல் லின்னேயஸ் லோட்டனின் பெயரைச் சூட்டினார். தமிழகத்துத் தோட்டங்களில் இன்றும் தேன் அருந்தும் அப்பறவை, லோட்டன் தேன்சிட்டு என்றே அழைக்கப்படுகிறது. லோட்டனுக்கு அந்தச் சிறப்பு தகாது என்று நாம் கூறவில்லை. அவருடைய ஆர்வமும் பொருளுதவியும் இல்லையேல் ஓவியங்களே தோன்றியிரா. ஆனால் தேன்சிட்டு தாங்கி நிற்பது ஆளுநரின் பெயரை. ஓவியரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் தீட்டிய தாள்கள் பல, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இதைப் படித்தபோது நம் பங்கின் விழா மலர் நினைவுக்கு வந்தது. புதிய பீடத்திற்குப் பொருள் கொடுத்தோர் அனைவரின் பெயர்களையும் அதில் அச்சிட்டோம். ஐந்து ரூபாய் தந்தவரையும் விடவில்லை. பீடத்தைச் செதுக்கிய தச்சரின் பெயர் மட்டும் இடம்பெறவில்லை. மலரைத் தொகுத்தவர்கள் நாமே; ஆகவே குறையும் நம்முடையதே. அவர் அதுபற்றி ஒரு சொல்லும் கூறாமல் இறைவனடி சேர்ந்தார்.

வானத்துப் பறவைகளை நோக்குமாறு ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். சிறியவற்றை உற்று நோக்கும் கண், அவற்றை நமக்குக் காட்டித் தந்த கையையும் நோக்க வேண்டும் அல்லவா? அடுத்த விழா மலரின் முதற்பக்கத்தில் அத்தச்சரின் பெயர் இருக்கும். எழுத்துப் பிழை நேராதிருக்க, அவருடைய மகளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.